புருஷன் பேர்

"தனியாவா போற? புருஷனத் தேடியா?" என்று கேட்டாள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள்.

அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தால் இங்கேயும் என் கதை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வேலைக்குப் போகிறேன் என்றேன். பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, நாளைக்கு ரயில், மெட்ராஸில் கப்பல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கமாகவே சொன்னேன்.

அவள் எண்ணெய்க் கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எப்படியாவது அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு தாயே, என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாஸ்போர்ட் வந்த நாளிலிருந்து தென்காசி முழுக்க இதே பேச்சுதான். வார்டில் காய்ச்சலோடு கிடக்கிறவள்கூட வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துவிட்டுக் கேட்கிறாள். வேலைக்குப் போகிறேன் என்பது ஒருத்திக்கும் மண்டையில் ஏறவில்லை. ஒரு பொம்பிளை கடல் தாண்டிப் போனால் அந்தக் கரையில் புருஷன் நின்றாக வேண்டும்.

நின்றுகொண்டுதான் இருக்கிறார். ஈப்போவில், வேறொருத்தியோடு, பிள்ளைகளோடு. மலாயாவிலிருந்து லீவில் வந்த முகம்மது மீரான் கண்ணால் பார்த்ததை வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் கூட்டிக்கொண்டு வா என்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கிளம்பிய அன்று தென்காசி ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். தனியாவா போற என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

என் கோபத்தில் பாதி அத்தை மேல். அவரைப் பெற்றவள், வடிவம்மாள்.

மீரான் வந்து சொன்ன அன்றைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். மகனை ஒரு வார்த்தை ஏசவில்லை. நர்ஸ் படிக்கப் போகிறேன் என்றபோதும் நல்லது என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள். அந்த ஊமைத்தனம்தான் எனக்கு ஆகாது.

இன்றைக்குக் காலையில் திடீரென்று, குற்றாலத்தில் தண்ணி நல்லா விழுதாம், குளிச்சிட்டு வருவோம் என்று வந்து நின்றாள். பெட்டி கட்டுகிற நேரத்தில் என்ன குளியல் என்று கத்தினேன். வா என்றாள், அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாதா? ஊர் கேட்டதை இவளும் கேட்கப் போகிறாள். அவனைத் தேடிப் பார், கூட்டிக்கொண்டு வா என்று ஈரத்துணியோடு சத்தியம் வாங்கப் போகிறாள். வாயைத் திறக்கட்டும், நாலு பேர் பார்க்கிறார்களே என்றும் பார்க்காமல் அவள் மகனைக் கிழிகிழியென்று கிழித்துவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

ஆனால் எதைச் சொல்லிக் கிழிப்பது? அந்த மனுஷரை ஏச எனக்குப் பேர்கூட இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் பெண்கள் சொல்வது கிடையாது. எங்கே கேட்டாலும் எனக்காக அத்தைதான் சொல்லுவாள்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்தவர் புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது அத்தை அடுப்படியில் இருந்தாள். பண்பொழி மலைச் சாமி பேர் என்று சாடையாகச் சொன்னேன். அந்த மலைமேல் இருக்கிற முருகனுக்கு என்ன பேர் என்று இந்தப் பக்கத்து ஆளென்றால் சட்டென்று புரிந்திருக்கும். அவர் மதுரைக்காரர். மலைச்சாமி என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார். அத்தை கரண்டியோடு ஓடிவந்து சரியான பேரைச் சொல்லி, அதை அடித்து எழுத வைத்தாள்.

பிணத்தைத் தொட்டுத் துடைக்கிறேன். குடித்துவிட்டு வந்து ரகளை பண்ணுகிறவனை அதட்டி உட்காரவைத்து ஊசி போடுகிறேன். விட்டுவிட்டுப் போனவரின் பேர் மட்டும் நாக்கில் ஏறவில்லை. வெட்கக்கேடு. நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அத்தை என் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கத்து அருவிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் உச்சந்தலையில் அடித்தது. சுற்றிலும் பெண்கள் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார்கள். வாய்கள்தான் தெரிந்தன, ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அத்தை என் தலையைத் தன் பக்கம் இழுத்தாள். சரி, சத்தியம் வாங்கப் போகிறாள் என்று உடம்பை விறைத்துக்கொண்டேன்.

என் காதில் வாயை வைத்துச் சொன்னாள்: "கப்பலடியில அவன் பேரக் கேப்பானுவ. சொல்லுததுக்கு நான் இருக்க மாட்டேன். இங்கன சொல்லிப் பழகிக்கோட்டி. ஒருத்திக்கும் கேக்காது."

மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்.

"எனக்கும் கேக்காது."

அவள் முகத்தைப் பார்த்தேன். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

வாயைத் திறந்தேன். தண்ணீர்தான் உள்ளே போயிற்று. துப்பிவிட்டு மறுபடியும் திறந்தேன்.

குமாரசாமி என்றேன்.

ஒன்றும் ஆகிவிடவில்லை. அருவி அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

குமாரசாமி என்று கத்தினேன். பேர் வந்ததும் அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. இத்தனை வருஷமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்தது, வார்டில் குடிகாரர்களிடம் கேட்டுக் கற்றது, எல்லாமே வந்தது. அவர் அவன் ஆனான். தொண்டை கட்டுகிறவரைக்கும் அவனை ஏசினேன்.

அத்தையின் காது என் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. கடைசிவரை அவள் அதை விலக்கிக்கொள்ளவில்லை.