ஐலுவின் குறி

"வெட்டினது நீதான்."

"நானா? கத்தி உங்க இடுப்புல தொங்குது, பழி என் தலையிலயா?"

"பொய் சொல்லாதே ரிஸ்தேன். இந்தக் காதைப் பாரு. பார்த்துட்டுப் பேசு."

"நான் எதுக்குப் பார்க்கணும்? வெட்டினவங்க பார்த்தா போதும்."

யோவ்னா மனைவிக்கு முன்னால் சதுப்பில் முட்டிபோட்டு, கலைமான் குட்டியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருந்தார். தாய்மான் சற்றுத் தள்ளி நின்று தொண்டைக்குள் உறுமியது. அதன் வலக்காது நுனியில் ஒரு பிளவு, இடக்காதில் இரண்டு வெட்டு. மான் யாருடையது என்று காட்டும் காதுக்குறி; இது அவர்கள் மகன் ஐலுவின் குறி.

குட்டியின் காதுகளிலும் அதே பிளவு, அதே இரண்டு வெட்டு.

தாய் யாருடையதோ குட்டியும் அவருடையது. ஐலு இருந்திருந்தால் இதில் சண்டைக்கே இடமில்லை.

வசந்தத்தின் கடைசியில் உறைந்த ஏரியைக் கடக்கப் போனவன் அவன். பனி ஸ்கூட்டரின் தடம் பாதி ஏரிவரை இருந்தது. பிறகு உறைபனி கரைந்தது, ஏரி நீலமாகத் திறந்துகொண்டது, வடகோடிக் கோடையில் சூரியன் இரவிலும் மறைவதை நிறுத்திவிட்டது. இத்தனை வெளிச்சத்திலும் ஏரி அவனைத் திருப்பித் தரவில்லை.

போன வாரம் யோவ்னாவின் அண்ணன் கூடாரத்துக்கு வந்தார். புதிதாகப் பிறந்த பேத்திக்கு ஒரு குறி வேண்டும்; ஐலுவினுடையது சும்மாதானே கிடக்கிறது என்றார்.

யோவ்னா தலையாட்டிவிட்டார். இனி ஐலுவின் மான்கள் ஈனும் குட்டிகளுக்கு யோவ்னாவின் குறிதான் என்று பேச்சாயிற்று.

அன்றிலிருந்து ரிஸ்தேன் அவர் பக்கம் தட்டை நகர்த்திவைத்தாளே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று மந்தையை விட்டு விலகிய மான்களைத் தேடி இரண்டு பேரும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோதுகூட, ஓடைக்கு இந்தக் கரையில் அவர், அந்தக் கரையில் அவள். மற்றவர்கள் எல்லாம் மேட்டுக்கு அந்தப்புறம், கண்ணுக்கு மேல் துணியைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்? அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"வாக்குக் கொடுத்த வாய்தானே, அதையே கேளுங்க."

"அடியே, பையைக் காட்டு."

ரிஸ்தேனின் கை சட்டைமேல் போயிற்று.

குறி வெட்டுகிறவர் காதுத் துண்டுகளை எறிவதில்லை. பையில் போட்டுக்கொள்வார், வேலை முடிந்தபின் அதைக் கொட்டித்தான் குட்டிகளின் கணக்கு. பையைக் காட்டு என்று கேட்டுவிட்டால் அதற்குமேல் வாதம் கிடையாது.

"நீங்க முதல்ல காட்டுங்க."

"கேட்டது நான்."

அவள் சட்டைக்குள் கையை விட்டாள். எடுத்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளங்கையில் வெள்ளை மயிரோடு காய்ந்து சுருண்ட துணுக்குகள்.

"ஆமா, நான்தான். நீங்க தலையாட்டின மறுநாளே வெட்டினேன். என் பிள்ளை பேர்ல இந்த வருஷம் ஒரு குட்டியாவது இருக்கட்டும்னு வெட்டினேன். போங்க, போய் அண்ணன் காதுல ஓதுங்க."

யோவ்னா அந்தத் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று அவள் தோளை இறுக்கிக்கொண்டாள்.

அவர் ஒரு கையால் குட்டியை அழுத்திக்கொண்டு, மறுகையால் இடுப்புத் தோல்பையைத் துழாவினார். அவர் எடுத்தவையும் காய்ந்திருந்தன. அவற்றின் மயிர் சாம்பல் நிறம்.

"நானும்தான்," என்றார். "அண்ணன் கிளம்பின கையோட, கயித்தை எடுத்துட்டு ஏரிக்கரைக்குப் போயிட்டேன். அங்க ஒரு குட்டி நின்னுச்சு. அவன் குறியைத்தான் போட்டேன்."

ரிஸ்தேன் சதுப்பென்றும் பாராமல் பொத்தென்று உட்கார்ந்தாள். அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"இதைச் சொல்றதுக்கு என்ன, வாயைத் தைச்சா வெச்சிருக்கு?"

"நீ சொன்னியா?"

"தலையாட்டினது நீங்க!"

"அண்ணன் முன்னாடி வேற எதை ஆட்டச் சொல்றே?"

அவளுக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அவருக்கும். வண்டித் தடம் ஏரி நடுவில் நின்றுபோன நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. கொசுக்கள் வாய்க்குள் போகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

சிரிப்பில் யோவ்னாவின் பிடி தளர்ந்தது. குட்டி துள்ளி எழுந்து தாயிடம் ஓடியது.

ரிஸ்தேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தாள்.

நெற்றியிலிருந்து குளம்புவரை கருப்பு. ஒரு வெள்ளை மயிர் இல்லை. ஒரு சாம்பல் மயிர் இல்லை.

அவள் தன் கையைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். இந்தக் குட்டியின் துண்டு இரண்டிலும் இல்லை.

குட்டி ஓடிய வழியில், பாசிமேல் சொட்டுச் சொட்டாக இன்னும் உறையாத ரத்தம் பளபளத்தது. யோவ்னாவின் கால்சட்டைத் தொடையிலும் ஈரமாக அதே சிவப்பு.

தாய்மான் குட்டியின் காதை நக்கிக்கொடுத்தது.

யோவ்னா எழுந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் போகவில்லை. போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது. வடக்கே ஏரிக்கு மேல் சூரியனும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. பிர்ச் புதர்களில் இலை அசையவில்லை.

மகன் இறந்துவிட்டான் என்று வீட்டில் முதலில் சொன்னவர் அவர். இனி ஏரியில் வலை வீசித் தேட வேண்டாம் என்று படகுக்காரர்களைத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

அவர் கைகளை வாயருகே குவித்தார். புதரைப் பார்த்து, வேலையில் மூழ்கிப்போன ஆளைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில் கூப்பிட்டார்.

"போதும்டா, மிச்சக் குட்டிங்களை அப்புறம் பார்த்துக்கலாம். காபி ஆறிப்போகுது, வா."