பின் சீட்டுத் தூக்கம்

"மச்சான், அந்தப் பெரிய வண்டியோட பின் ஷாக் அப்சார்பரைக் கழட்டி என் வண்டியில மாட்ட முடியுமா?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். பட்டறை மூலையில், முன்பக்கம் நசுங்கிப்போன பெரிய பைக் ஒன்று உதிரி பாகங்களுக்காகக் கிடந்தது. அதைக் காட்டிக் கேட்டவர் அவன் அக்காவின் கணவர். வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்கிற ஆளே இல்லை. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவர்.

"மாமா, உங்க வண்டி சின்னது. அந்த ஷாக் ஒரு விரல்கடை நீளம் கூட. கீழ போல்ட்டு நுழையற புஷ்ஷும் அகலம். நுழையவே நுழையாது."

"புஷ்ஷை லேத்ல கொடுத்துக் குறைச்சா?"

"எல்லாத்தையும் விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க. இப்ப இருக்கறதுக்கு என்ன குறைச்சல்?"

மாமா தலையைச் சொறிந்தார். "உங்க அக்கா தூக்கம் கெடுது."

அக்காவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்ததும் மாமா போய் அழைத்து வருவார். வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, அப்படியே அச்சகத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். உள்ளே இரட்டைப் பிள்ளைகள் அம்மாவைப் பிய்த்து எடுக்கக் காத்திருக்கும். அவர் திரும்பி வரும் நேரத்துக்கு அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். நடுவில் அவள் நிம்மதியாகக் கண்ணயர்வது அந்தப் பின் சீட்டில் மட்டும்தான். அவர் முதுகில் கன்னத்தை வைத்தால் போதும், அடுத்த நிமிடம் தூக்கம்.

"ரயில்வே கேட்டைத் தாண்டினா ரோடே கிடையாது, வெறும் பள்ளம். ஒவ்வொண்ணுக்கும் தூக்கித் தூக்கிப் போடுது. தூக்கத்துல சரிஞ்சிடுவாளோன்னு, இடது கையைப் பின்னால விட்டு அவ கையைப் பிடிச்சுக்குவேன்."

"அப்ப கிளட்சை யாரு பிடிக்கறா? நானா?"

"ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டு வந்துடுவேன். ஆனாலும் பயமா இருக்கு மச்சான். அவளும் தூங்கணும், என் கையும் ஹேண்டில்பார்ல இருக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணு."

ஒற்றைக் கையில் ஓட்டியதற்காக அவரை நன்றாகத் திட்டிவிடலாம் என்றுதான் மெக்கானிக் வாயைத் திறந்தான். திட்டு வரவில்லை. கல்யாணமான புதிதில் 'இந்த ஊமைக்கு என் அக்காவைக் கொடுத்துட்டாங்களே' என்று அவன் வீட்டில் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

புஷ்ஷைக் கடைந்து வாங்கி வந்தான். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் செயினைத் தளர்த்தி, ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு துண்டு இரும்பு வைத்துப் பற்றவைத்தான். ஸ்பிரிங்கை இருப்பதிலேயே இளக்கமான படியில் வைத்தான். மாமா ஏறி உட்கார்ந்ததும் வண்டி மெல்ல இறங்கி, மெல்ல எழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை.

மறுநாள் விடியற்காலை பனி இறங்கியிருந்தது. தொழிற்சாலை வாசலில் சூடான ரொட்டி மணம். அக்கா ஏறி உட்கார்ந்தாள், முதுகில் கன்னம் பதிந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டினார்கள். பள்ளங்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. வண்டிதான் அவற்றின் மேல் படகு போல ஏறி இறங்கிப் போனது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போயின. சாலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தானும் தூங்கிக்கொண்டுதான் ஓட்டுகிறோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் பத்திரமாக இருந்தன. முதுகில் அசைவே இல்லை. வீட்டுத் தெரு வந்தும் திரும்ப மனமில்லாமல், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

வாசலில் இறங்கிய அக்கா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போனாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக அச்சகத்துக்குப் போனார்.

நாலைந்து நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் அக்கா பட்டறைக்கு வந்தாள். முகம் கடுகடு என்று இருந்தது.

"மாமா வண்டியில என்னத்தடா மாட்டித் தொலைச்ச?"

"ஏன்க்கா, சத்தம் வருதா? ஒரு பக்கமா இழுக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வெண்ணெயில போற மாதிரி போகுது."

"அப்புறம் என்ன?"

"அந்த ஸ்பிரிங்கை இறுக்க முடியுமாமே. நாளைக்கு ஆயில் மாத்த வண்டியை விடுவார். எவ்வளவு இறுக்க முடியுமோ இறுக்கிடு. கல்லு மாதிரி இருக்கணும். அவருக்குத் தெரியக் கூடாது."

"உனக்கென்ன பைத்தியமா? அந்த மனுஷன் பாவம், கீழ விழுந்துடுவியோன்னு பயந்து என் உயிரை வாங்கிட்டார்."

"வேகமாப் போனாத்தானே விழ? அந்தப் பள்ளத்துல நடந்து போறவங்க எங்களைத் தாண்டிப் போறாங்க."

"சரி, விழமாட்ட. ரோடு பூரா தூக்கிப் போட்டா எப்படிக்கா தூங்குவ?"

அக்கா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், குரல்தான் பாதியில் இறங்கிவிட்டது.

"நான் என்னிக்குடா அதுல தூங்கினேன்? முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா அவர் என் கையைப் பிடிக்க மாட்டார்டா."