எதிர் நாற்காலிக்காரி

“அந்தத் தொடையை வச்சுக்கிட்டு நாளைக்குத் தண்ணியில இறங்கப் போறியா? குளத்துத் தண்ணியெல்லாம் வெளியே வந்துடும்டி!”

எதிர் நாற்காலியிலிருந்து வந்த இந்தக் குத்தல் நீச்சல் டீச்சருக்குப் புதிதல்ல. பதினாறு வருடமாக ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. ஒரு கவளம் கூடுதலாக உள்ளே போனாலும் கரித்துக்கொட்டல்தான். அதற்குப் பயந்தே இரண்டு வருடமாகக் குளத்தில் இறங்காமல், முழங்கால் வரை கோட்டை மாட்டிக்கொண்டு, கரையில் நின்றபடி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நாளைக்கு அவளுடைய மகளே முதன்முதலாக நீந்த வருகிறாள். அம்மா கூட இறங்கினால்தான் இறங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

“நான் விலக்கிவிட மாட்டேன். நீங்களே பதில் சொல்லுங்க,” என்றார் மனநல ஆலோசகர். மடியில் குறிப்பேட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“இறங்கத்தான் போறேன்.” டீச்சரின் குரல் பிசிறியது.

“எல்லாரும் சிரிப்பாங்க.”

“இதுவரைக்கும் யாரு சிரிச்சா? நீ ஒருத்திதான் சிரிச்சே.”

“பேசாம கோட்டைப் போட்டுக்கிட்டுக் கரையிலேயே நில்லு. உன் பொண்ணை வேற யாராவது பிடிச்சுக்குவாங்க.”

“வேற யாரும் பிடிக்க வேண்டாம். நான்தான் அவளுக்கு அம்மா.”

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?”

“நல்லதுக்கா?” டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. “என் கல்யாணத்தன்னைக்கு என்னை ஒரு வாய் சாப்பிட விட்டியா? பிள்ளை பெத்த மூணாம் நாளு கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, வயித்தைக் கிள்ளிக் காட்டினியே, அது எந்த நல்லதுக்கு?”

“நான் மட்டும் இல்லேன்னா நீ இன்னும் ஊதியிருப்பே.”

“ஊதினா ஊதிட்டுப் போறேன்! பயந்து அழுத பிள்ளைங்களை எல்லாம் தண்ணிக்குள்ள இந்தத் தொடை மேல உட்கார வச்சுத்தான் பயம் தெளிய வச்சேன். முந்நூறு பிள்ளைங்க! நாளைக்கு என் பொண்ணும் இது மேலதான் உட்காருவா. இனிமே என் உடம்பைப் பத்தி நீ மூச்சு விடக் கூடாது!”

டீச்சருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இப்படிக் கத்தியதற்குப் பயமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். “சரி, இதுக்கு அவ என்ன சொல்றான்னு கேட்போம்.”

டீச்சர் எழுந்தாள். இந்த ஒரு மணி நேரமும் மாறி மாறிச் செய்தது போலவே, காலியாகக் கிடந்த எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தன்னைத் தானே திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு வார்த்தைகூட வரவில்லை.