ருசி பார்க்காத உப்பு

மனைவியோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்த கல்யாணச் சமையல்காரர் கொளஞ்சி, ஒரு பழைய குருத்வாராவில், சீக்கியர் கோயிலில், கும்பிட்டு முடித்ததும் நேராக, வருகிறவர்கள் யாரும் கைகொடுக்கலாம் என்றிருந்த சமையற்கட்டுக்குப் போய், ஐநூறு பேருக்கான பருப்பைக் கிளறத் தொடங்கிவிட்டார்.

"நீங்களே உப்பு போடுங்க மாஸ்டர்," என்றார், அங்கே சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த, ஆவடியில் ராணுவ வேலை பார்த்துத் தமிழ் பழகிய குர்பால் சிங். கொளஞ்சி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளப் போக, சிங் தடுத்தார். "எங்க வேதப் புத்தகம் கிரந்த சாகிப்புக்குப் படைக்கிற வரைக்கும் யாரும் ருசி பாக்கக் கூடாது."

"நாக்குல வைக்காம எப்படிங்க?"

"ரசத்துக்கே நாலு தடவ நக்கிப் பாக்குற ஆளு!" என்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி பவளம் சிரித்தாள்.

கொளஞ்சி கண்ணை மூடிக் கொதியைக் கேட்டார். தண்ணீர் மிகுந்த பருப்பு சலசலக்கும். இறுகிய பருப்பு பொளக் பொளக்கென்று வெடிக்கும். சத்தத்தை வைத்தே தண்ணீரைக் கணக்கிட்டு, இரு கைகளாலும் ஏழு முறை உப்பை அள்ளிப் போட்டார். யோசித்து, இன்னும் அரைக் கை.

பந்தியில் உட்கார்ந்தபோது தன் தட்டைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை. பவளத்தின் முகத்தையே பார்த்தார். முப்பது வருடமாக அவர் சமையலில் ஏதாவது குறை சொல்லாமல் அவள் எழுந்ததில்லை. அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"நீங்க சாப்பிடலன்னா இப்படித் தள்ளுங்க," என்று அவர் தட்டையும் இழுத்துக்கொண்டாள்.