சத்தம் நின்றபோது

தகரக் கொட்டகையின் கூரைமேல் இரண்டு கிடாக்குட்டிகளும் குதித்துக்கொண்டிருந்தன. கீழே தாய் ஆடு செவலை கண்ணை மூடி நிம்மதியாக அசைபோட்டது.

"உன் பசங்களைக் கொஞ்சம் அடக்கேன்டி. தலைமேல இடி விழற மாதிரி இருக்கு," என்றது பக்கத்தில் கட்டிக்கிடந்த எருமை.

"சத்தம் கேக்குற வரைக்கும் பயமே இல்லக்கா."

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

"அப்பாடா, ஒருவழியா அடங்கிட்டானுங்க."

செவலை அசைபோடுவதைச் சட்டென நிறுத்தியது. துள்ளி எழுந்து வீட்டுக்குப் பின்னால் ஓடியது.

அங்கே கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து, வீட்டுக்காரம்மா வடகம் பிழிந்து காயவைத்திருந்தாள். பாதி வேட்டி காலி. கட்டில்மேல் நின்ற குட்டிகளின் தாடையெல்லாம் மாவு.

"நாங்க இல்லம்மா," என்றது சின்னது, வாய் நிறைய வடகத்தோடு.

செவலை முட்டத்தான் போனது. அதற்குள் சீரக வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

"பாதியை விட்டுவெச்சா ஆடுன்னு கண்டுபிடிச்சு நம்மளைக் கட்டிப் போட்டுருவாங்கடா. மொத்தமும் காணோம்னா பழி காக்கா மேல போயிரும்," என்று முன்னங்காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தது.

"அங்க என்னடி நடக்குது?" என்று எருமை குரல் கொடுத்தது.

"நாங்க இல்லக்கா," என்றது செவலை, வாய் நிறைய.