போகாத சுழல்

ஜெசிந்தா திரவ ஹீலியம் இருந்த பாத்திரத்தின் சுழற்சியை நிறுத்தினாள். கடுங்குளிரில் உராய்வே இல்லாமல் கிடக்கும் திரவம் அது. பாத்திரத்தைச் சுழற்றினால் மொத்தமாகச் சுற்றாது. நூல் போல மெலிந்த தனித்தனிச் சுழல்கள்தான் அதற்குள் பிறக்கும். மேலிருந்து பார்க்கும் கேமராவின் திரையில் அவை மூன்று வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன.

"மூணரை வராதா மேடம்?" என்று கேட்டார் ஆய்வகத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வடமலை.

"வராது அண்ணே. சுழல் முழுசாத்தான் பிறக்கும். மூணு, இல்லன்னா நாலு."

பாத்திரம் நின்ற பத்து நிமிடத்துக்குள் எல்லாச் சுழல்களும் சுவருக்குப் போய் மறைந்துவிடும் என்பதுதான் அவளுடைய ஆய்வேட்டின் முடிவு. மறுநாள் காலை அதைச் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு புள்ளிகள் வழக்கம்போல் மறைந்தன. மூன்றாவது சுவருக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. நாற்பது நிமிடமாகியும் அது போகவில்லை.

"பாத்திரத்து அடியில ஏதும் பிசிறு இருந்து அதப் புடிச்சு வச்சிருக்குமோ?"

"மூணு வருசமா இதே பாத்திரம்தானே அண்ணே."

வடமலை தயங்கினார். "கேமராவ நிறுத்திட்டா இது யாருக்கும் தெரியப்போறதில்ல மேடம்."

ஜெசிந்தாவின் கை விசைப்பலகைக்குப் போனது. அப்போது அந்தப் புள்ளி லேசாக நடுங்கி, சுவரை விட்டு விலகி, நடுவை நோக்கி நகரத் தொடங்கியது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நாளை சமர்ப்பிக்கப்போவதில்லை என்று பேராசிரியருக்கு ஒரு வரி அனுப்பினாள்.

"இது எங்க போகுது மேடம்?" என்றபடி வடமலை நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தெரியல அண்ணே," என்றாள். மூன்று வருடங்களில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.