கதவு கிடைக்காத பெயர்

“கதவு முப்பத்திரண்டு, பேரு முப்பத்து மூணு. நான் என்னக்கா பண்ணட்டும்?” என்றான் பாரி.

“கதவுக் கணக்கு யாரு சார் கேட்டா? என் வூடு எங்கன்னு கேக்கறேன்” என்றாள் அங்கம்மா.

எர்ணாவூரில் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட சைட் ஆபீஸ். வருஷம் 2003. எண்ணூர்க் கரையில் கடல் தின்றது போக மிச்சமிருந்த குப்பத்துக்காரர்களுக்கு நாளை சாவி கொடுக்கிறார்கள். நாளை மறுநாள் பழைய குடிசைகளை இடித்துவிடுவார்கள். அங்கம்மாவுக்குப் புருஷன் இல்லை. மீன் கூடை உண்டு, இரண்டு பெண் பிள்ளைகள் உண்டு. சாவி மட்டும் இல்லையாம்.

பாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். திரையில் கட்டடத்தின் படம், கதவு கதவாக.

“படம் நான் வரைஞ்சது. ஆளுங்க லிஸ்ட் பெரிய ஆபீஸ் டேட்டாபேஸ்ல இருக்கு. ரெண்டையும் இணைச்சு வச்சிருக்கேன். கதவு மேல அமுக்கினா அந்த வீட்டுக்காரங்க விவரம் தானா வந்து நிக்கும். மனுஷன் கை படவே படாது.”

மூன்று வாரம் சோறு தண்ணி பார்க்காமல் செய்த வேலை. வியாசர்பாடியில் அவன் மனைவி இதை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அதனால் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான்.

“அப்ப என் பேரு?”

“லிஸ்ட்ல கடைசி நீங்கதான். உங்ககிட்ட வரும்போது கதவு தீர்ந்துபோச்சு.”

“எங்க குப்பத்துல மொத்தமே முப்பத்திரண்டு குடும்பந்தான் சார். வூடு வூடா எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்துகீறேன்.”

“உங்க தலைவர் கோதண்டம் எழுதிக் குடுத்த லிஸ்ட்டுக்கா. அங்க இருக்கறதுதான் இங்க கதவுல வரும்.” பாரி ஒரு தாளையும் இங்க் பேடையும் நகர்த்தினான். “இப்போதைக்கு வீடு வேணாம்னு ஒரு கைநாட்டு வச்சிடுங்க. அடுத்த கட்டடத்துல முதல் வீடு உங்களுக்குத்தான்.”

“அது எப்ப?”

பாரி ஜன்னல் வழியாகப் பார்த்தான். அடுத்த கட்டடம் வரவேண்டிய இடத்தில் ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது.

“சீக்கிரம்” என்றான்.

“வைக்க மாட்டேன். வேற யாரையாச்சும் எடுத்துட்டு எனக்குப் போடு.”

“யாரை எடுக்கறது? நீங்களே சொல்லுங்க.” பாரி கீழ்த்தளத்தில் ஏழாம் கதவை அமுக்கினான். எல்லாம் இங்கிலீஷில் வந்தது. அங்கம்மாவுக்குத் தமிழே படிக்கத் தெரியாது.

“இந்தப் பொண்ணை எடுத்துடலாமா? வயசு ஒன்பது. அப்பா பேர் இருக்கற இடத்துல வெறும் கோடு. அம்மா பேருக்கும் கோடு. படிப்பு இல்ல. ஆனா அதை நம்பி ஏழு பேர்னு போட்டிருக்கு. எனக்கும் ஒன்பது வயசுல பொண்ணு இருக்குக்கா, ஷாலுன்னு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.”

அங்கம்மாவின் குரல் இறங்கியது. “எங்க குப்பத்துலயா? யாரு வூட்ல வந்து தங்கிகினு கீதோ. காலீல கூடைய தூக்கினா இருட்டினப்புறம்தான் வூட்டுக்கு வரேன், நான் இன்னாத்த கண்டேன்.”

“சொல்லுங்க, எடுத்துடட்டுமா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாளை மறுநாள் பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது என்று யோசித்தாள்.

“வாணாம் சார்” என்றாள் கடைசியில். “என் புள்ளைங்க தெருவுல நின்னா கூட நிக்க நான் கீறேன். அதுக்கு யாரு கீறாங்க? அதுக்கே இருக்கட்டும்.”

கட்டைவிரலை இங்க் பேடில் அழுத்தினாள்.

“நல்ல மனசுக்கா உங்களுக்கு.”

“மனசு கெடக்கட்டும். பேரச் சொல்லு சார். மீன் வித்துட்டு வரசொல்ல அதுக்கும் ரெண்டு குடுத்துட்டு வரேன்.”

சாவி கொடுக்கும்வரை பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு. ஆனால் இந்த மனுஷியிடம் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“ஆவுடையம்மாள்” என்றான்.

தாளை நோக்கிப் போன விரல் நின்றது. அங்கம்மா அதை எடுத்துப் புடவையில் துடைத்தாள். மை போகாததால் இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள்.

“அந்தப் பேர எடுத்துட்டு என் பேரப் போடு சார்.”

“என்னக்கா இது, இப்பதான அதுக்கே இருக்கட்டும்னீங்க?”

“மீனைப் பிரிக்கசொல்ல ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துட்டு, கடலுக்குப் போய்வந்த போட்டுக்கும் ஒரு பங்கு வைப்போம் சார். கோதண்டண்ணன் பழக்க தோஷத்துல வூட்டையும் அப்பிடியே பிரிச்சிட்டாரு” என்றாள் அங்கம்மா. “ஆவுடையம்மா எங்க குப்பத்து போட்டு.”